ஆளுக்கொரு தடை

கிரேன்காரரைத் துறைமுகத்தில் கீழேயே உட்கார வைத்து வாரக்கணக்கு ஆகிவிட்டது. ஏணியில் பாதி ஏறும்போதே தலை சுற்றி, கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவர் தொங்கியதை ஒரு கப்பலே நின்று வேடிக்கை பார்த்தது. "உடம்புல ரத்தம் ஏறாம நீங்க மேல ஏறக்கூடாது" என்று மேலாளர் சொல்லிவிட்டார். இப்போது அவருடைய கிரேனில் வேறொருவன் உட்கார்ந்து பெட்டிகளைக் கோணல்மாணலாக அடுக்குகிறான். பார்க்கப் பார்க்க இவருக்கு வயிறு எரிந்தது. உள்ளே வேறொன்றும் இல்லாததால் நன்றாகவே எரிந்தது.

போன வருடம் குடலில் அழற்சி. "வீக்கம் அடங்கும்வரை பாலும் பச்சைக் காய்கறியும் வேண்டாம். அடங்கியதும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றார் டாக்டர். முதல் பாதியோடு குடும்பத்துக்குக் காது அடைத்துக்கொண்டது. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் பழம் வாங்கி வருவார்கள். இவரைப் பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு பழத்தைத் தடை செய்துவிட்டுப் போனார்கள். முட்டை சூடு என்றாள் அக்கா. மீன் ஆகவே ஆகாது என்றார் அத்தான். பருப்பு வாயு என்றாள் மனைவி. எதிர்வீட்டுக்காரர் தண்ணீரையே ஒரு மாதிரி பார்த்தார். மிஞ்சியது குழைந்த சோறும் உப்பும். நாக்கு புண்ணாகி, நகங்கள் கரண்டிபோல் குழிந்தன. சீப்பில் வந்த முடியைச் சேர்த்திருந்தால் இரட்டைக் கட்டிலுக்கு மெத்தையே தைத்திருக்கலாம்.

இன்று காலை ஆஸ்பத்திரியில், உணவு ஆலோசனை சொல்லும் அம்மாள் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"குடல் எப்பவோ ஆறிடுச்சு. ஆனா இரும்புச்சத்து இல்ல, பி12 இல்ல, புரதம் இல்ல. யாருங்க எல்லாத்தையும் நிறுத்தினது?"

அக்கா, அத்தான், மனைவி மூவரும் ஒரே நேரத்தில் மின்விசிறியை ஆராய்ந்தார்கள்.

"ஊசி மருந்து டாக்டர் கொடுப்பார். சாப்பாட்டை நீங்க திருப்பிக் கொடுங்க. முதல்ல ஒரு முட்டை. ஒத்துக்கிட்டா அடுத்தது."

வீட்டில் அவித்த முட்டை தட்டுக்கு வந்தது.

"வெள்ளை மட்டும் சாப்பிடட்டுமே. மஞ்சளை நான்..." என்று அத்தான் கை நீட்டினார்.

கிரேன்காரர் மேசையில் அறைந்த அறையில் உப்புக் கிண்ணம் எழுந்து நின்று மரியாதை செய்தது.

"கையை எடுங்க அத்தான்! என் தட்டுல இருந்து எடுத்த வரைக்கும் போதும். நீங்க மூக்கு முட்ட மீனைத் தின்னுட்டு, என் முன்னாடி வந்து ஏப்பம் விட்டுக்கிட்டே 'உனக்கு ஆகாது மாப்ளே'ன்னீங்களே!"

"உன் நல்லதுக்குத்தானேடா தம்பி" என்று அக்கா கண்ணைக் கசக்கினாள்.

"நல்லது பண்ணிப் பண்ணியே என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டீங்களேக்கா! நோயே என்னை விட்டுடுச்சு, நீங்க விடலையே!"

முட்டையை மெதுவாக மென்று விழுங்கினார். மூன்று பேரும் அவர் வயிற்றை வெடிகுண்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அது கடமுடவென்று உருண்டது. அக்கா கதவுப்பக்கம் நகர்ந்தாள்.

"என்னங்க, வலிக்குதா?" என்றாள் மனைவி.

"பசிடி! இதுகூடவா மறந்துபோச்சு உங்களுக்கு? இது ஒத்துக்கிச்சுன்னா நாளைக்கு மீன். அத்தான்தான் வாங்கிட்டு வரணும். உட்கார்ந்து முள்ளு எடுத்தும் கொடுக்கணும்."

அத்தான் வாயைத் திறந்தார். மைத்துனரின் முகத்தைப் பார்த்ததும், எந்த மீன் என்று மட்டும் கேட்டார்.