நாற்பத்திரண்டு தாள், ஒரே விடை

நாற்பத்திரண்டு வினாத்தாள்களிலும் ஏழாம் கேள்விக்கு ஒரே விடை. எட்டுக்கும் அப்படியே. ஆய்வு நெறியாளர் தாள்களைச் சீட்டுக்கட்டு போலப் புரட்டிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னம்மா இது, நாப்பத்திரண்டு பேரா, ஒரே ஆளா?"

"பேனா வேற வேற சார். டிக் போட்ட விதமும் வேற."

"மனசு மட்டும் ஒண்ணா? எங்க வீட்டுல இருக்கறதே ரெண்டு பேரு. ஃபேன் எந்த நம்பர்ல சுத்தணுங்கறதுலயே ஒத்துப்போறதில்ல. போய் என்னன்னு கேட்டுட்டு வா."

வேலையிடத்தில் தொழிலாளர்கள் தாமாக எவ்வளவு முடிவெடுக்கிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆய்வு. அவள் கல்லூரி ஆசிரியை; இரண்டாண்டுப் படிப்பு விடுப்பு இந்த மாதக் கடைசியில் முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் நாளுக்கு ஐந்து வகுப்பு எடுத்துக்கொண்டே எழுத வேண்டும். அப்படி எழுதத் தொடங்கிப் பாதியில் விட்டவர்கள் அவளுடைய துறையிலேயே மூன்று பேர்.

தாள்களை நிரப்பித் தந்த பெண்கள் வேலை செய்யும், மருந்துப் புட்டிகளைப் பெட்டியில் அடைக்கும் பிரிவுக்குச் சாப்பாட்டு இடைவேளையில் போனாள். நீளமான தகர மேசைகளைச் சுற்றி எல்லோரும் இருந்தார்கள். குரலால் 'மைக்' என்று பெயர் வாங்கிய பெண்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"என்ன தப்பு மேடம்? ஒரு கேள்விகூட விடலையே."

"ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் எழுதினீங்களா?"

"சேச்சே! கேள்விய நான் வாசிப்பேன். எல்லாரும் பேசுவோம். கை தூக்குவோம். எதுக்குக் கை அதிகமோ அதையே எல்லாரும் போட்டோம்."

"ஏழாவதுக்கு மட்டும் மூணு நாளாச்சு," என்றாள் எதிரே இருந்தவள். "மேனேஜரக் கேக்காம வேலைய மாத்திக்க முடியுமான்னு கேட்டிருந்தீங்க. முடியாதுன்னு நாங்க. முடியும்னு அக்கா. இந்தத் தொண்டைய எதுத்து எவ கை தூக்குவா?"

மேசை முழுக்கச் சிரிப்பு.

"தாள்ல உங்க பேரே இல்லையே. தனித்தனியா எழுதியிருக்கலாமே?"

"அதான் மேடம் பயமே," என்றாள் மைக். "பேரு இருந்தா எழுதினவள மட்டும் கேப்பாங்க. இல்லாட்டி நாப்பத்திரண்டு பேரையும்ல சந்தேகப்படுவாங்க."

ஆசிரியைக்குச் சிரிப்பு வந்தது. பையிலிருந்து புதுத்தாள்களை எடுத்தாள். "இன்னொரு தடவை, தனித்தனியா?"

"பேசிட்டுச் சொல்றோம்."

அவள் எதிரிலேயே பேசினார்கள். ஒருத்தி, "பாவம், படிக்கற பொண்ணு," என்றாள். இன்னொருத்தி, "படிக்கட்டும், நம்ம தலையிலயா?" என்றாள். மூலையில் இருந்தவள் கையைத் தூக்கி, மைக்கைப் பார்த்துப் பாதியில் இறக்கி, மறுபடி தூக்கினாள். அந்தக் கை இறங்கி ஏறியதைத் தன் வினாத்தாளில் எந்தக் கட்டத்தில் போடுவது என்று யோசித்தாள் அவள். அப்படி ஒரு கட்டம் இல்லை. தாள்களைப் பையில் வைத்துவிட்டுக் குறிப்பேட்டைத் திறந்தாள்.

முப்பத்தொரு கை வேண்டாம் என்றது.

"சரி," என்றாள். "நான் தினமும் சாப்பாட்டு நேரத்துல வந்து இப்படி ஓரமா உக்காந்து பாக்கட்டுமா? ஆறு மாசம்."

மைக் மேசையை ஒரு சுற்றுப் பார்த்தாள். யாரும் மறுக்கவில்லை.

"வாங்க. ஆனா உங்களுக்கு ஓட்டு கிடையாது."

வெளியே வந்ததும் நெறியாளருக்குப் போன் செய்து ஆறு மாதக் கணக்கைச் சொன்னாள்.

"அப்போ விடுப்பு?" என்றார் அவர்.

"முடியட்டும் சார்."

மறுநாள் கல்லூரிக்குத் திரும்பப் பணியில் சேரும் கடிதம் எழுதினாள். ஐந்து வகுப்பும் எடுக்கிறேன், பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை மட்டும் எதுவும் வேண்டாம் என்று கடைசி வரியில் கேட்டிருந்தாள்.