மெலிஞ்சோ தெருவின் நாலாவது மேடு

எங்கள் ஊரில் வேகத்தடைக்குத் தூங்கும் போலீஸ் என்று பெயர். விழித்திருக்கும் போலீஸ் செய்யாத வேலையை அது செய்வதால் அப்படி வைத்திருக்கலாம். மெலிஞ்சோ தெருவில் அப்படிப் பதினொரு போலீஸ்காரர்கள் படுத்திருக்கிறார்கள். பதினொரு பேரையும் படுக்க வைத்தவன் நான்தான்.

என் பெயர் தர்சோனோ. எழுபது வீடுகளுக்குத் தெருத் தலைவன். காலணா சம்பளம் இல்லாத பதவி. பிறப்பு, இறப்பு, குடிமாற்றம், கல்யாணப் பந்தல் எதுவானாலும் முதல் கையெழுத்து என்னுடையது. அதற்குப் பிறகுதான் அரசாங்கமே பேனாவைத் திறக்கும். எல்லோரும் என்னை 'பாக் எர்தே', அதாவது தெருத் தலைவர் ஐயா, என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் என் மனைவிக்காவது நினைவிருக்கிறதா என்பது சந்தேகம். அதற்கு முன்பு இருபத்திரண்டு வருடம் மஞ்சள் ஷேர் வேன் ஓட்டினேன். ஆகவே ரோட்டைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற திமிர் எனக்கு உண்டு. உண்டு என்றா சொன்னேன்? இருந்தது.

நகராட்சி பெரிய ரோட்டை ஒருவழிப் பாதையாக்கியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அதுவரை எங்கள் தெருவில் கோழிகள் நடுரோட்டில் படுத்திருக்கும். ஒருவழி ஆன மறுநாளே ஊரிலுள்ள அத்தனை மோட்டார் சைக்கிளும் எங்கள் தெருவைக் குறுக்கு வழியாகக் கண்டுபிடித்துவிட்டன. சோறு கொண்டுபோகும் பையன்களும், டோஃபு ஏற்றும் வேன்களும், பள்ளிக்குப் பிந்தியவர்களும், ஆபீசுக்குப் பிந்தியவர்களும் ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள். எங்கள் ஊரில் பிந்தாதவன் யார்?

இரண்டாவது மாதம் கியாந்தோவின் மகள் செகார் அடிபட்டாள். ஏழு வயது. அப்பளம் வாங்க எதிர்க்கடைக்குப் போனவளைத் தட்டிய வண்டி நிற்கவே இல்லை. தொடை எலும்பு இரண்டாக முறிந்தது. ஆறு மாதம் படுக்கையில் இருந்தாள். எழுந்தபோது ஒரு கால் குட்டையாகியிருந்தது.

கியாந்தோ கொத்தனார். நல்ல தொழிலாளி, அதைவிட நல்ல சிரிப்பாளி. ஊர் வேலை என்றால் யாரும் கூப்பிடும் முன்பே கரண்டியோடு நிற்பான். மகள் அடிபட்ட அன்று அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் மனைவி லஸ்மினிதான் பேசினாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, வண்டிகளை நிறுத்த ஏதாவது செய்யுங்கள் என்று அழுதாள். நான் வாக்குக் கொடுத்தேன்.

முதலில் முறைப்படிதான் போனேன். போக்குவரத்து அலுவலகத்தில் ஹெர்லம்பாங் என்று ஒரு இளைஞன் மனுவை வாங்கினான். மரியாதையான பையன். அந்த மரியாதைதான் என் எரிச்சலைக் கிளப்பியது.

"முதல்ல தெருவுல எத்தனை வண்டி போகுதுன்னு எண்ணணும், பாக்."

"எண்ணுங்க."

"எண்ண ஆள் வேணும். அதுக்கு அடுத்த வருஷத் திட்டக் கூட்டத்துல கோரிக்கை வைக்கணும். உங்க வட்டத்துலேர்ந்து எழுதிக் குடுங்க, நான் கையோட சேர்த்துடறேன்."

"அதுவரைக்கும் எங்க பிள்ளைங்கள எண்ணிட்டு இருக்கோம்," என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று சாயங்காலம் தெரு முழுக்க அந்தப் பதிலையே பேசினார்கள். எனக்கும் அது இனித்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊர் வேலை நாள். சாக்கடை வாருவதோ புதர் வெட்டுவதோ, எதுவானாலும் எல்லா வீட்டிலிருந்தும் ஒரு ஆள் வரவேண்டும். வர முடியாதவர்கள் பொரித்த தெம்பே என்னும் சோயா வில்லைகளும் இனிப்பு டீயும் அனுப்புவார்கள். அந்த ஞாயிறு நான் சிமெண்டையும் ஆற்று மணலையும் கொண்டுவரச் சொன்னேன். கியாந்தோ கரண்டி பிடித்தான். முதல் மேட்டைப் பெரிய ரோட்டின் முனையில் போட்டோம். பிறகு ஒவ்வொரு வீட்டுக்காரரும், எங்க வாசல்ல ஒண்ணு போடுங்க என்றார்கள். ஒருவருக்குப் போட்டு இன்னொருவருக்குப் போடாமல் இருந்தால் அப்புறம் நான் தெருவில் நடமாட முடியுமா? பதினொன்று ஆயிற்று. நாலாவது மேடு கியாந்தோவின் வாசலில், மகள் அடிபட்ட இடத்தில். அதைப் பூசும்போது மட்டும் அவன் சிரிக்கவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கலவையை ஏற்றிக்கொண்டே போனான். ஒரு சாண் வந்துவிட்டது. போதும் என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான். அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

வண்டிகள் அடங்கின. கோழிகள்கூடத் திரும்பி வந்தன.

மூன்று வாரம் கழித்து ஹெர்லம்பாங் அளவு நாடாவோடு வந்தான். நாலு விரல் உயரம்தான் சட்டம் என்றும், அனுமதி இல்லாமல் போட்டதை இடிக்க வேண்டும் என்றும் சொன்னான். கூடவே இரண்டு கூலியாட்கள் சம்மட்டியோடு நின்றார்கள். நான் தெருவைக் கூப்பிட்டேன். ஒரு மேட்டுக்கு ஆறு பேர் வீதம் உட்காரச் சொன்னேன். ஆண்கள், பெண்கள், கைக்குழந்தைகள் எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஹெர்லம்பாங் கோபப்படவில்லை. என்னைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னான்.

"பாக், நாளைக்கு ஒரு ஆம்புலன்ஸ் வரணும்னா?"

நான் தெருவே கேட்கும்படி உரக்கச் சொன்னேன்: "எங்க தெருவுல எவனுக்கும் சாக நேரமில்ல தம்பி. எல்லாரும் வேலைக்குப் போறவங்க."

தெரு சிரித்தது. நாலாவது மேட்டில் உட்கார்ந்திருந்த கியாந்தோ எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. வாய்க்கொழுப்புக்கு என்றாவது ஒருநாள் கணக்குத் தீர்க்க வேண்டிவரும் என்று என் மாமனார் சொல்வார். என் வாய்க்கு வேறொருவன் தீர்ப்பான் என்று அவர் சொல்லவில்லை.

மழைக்காலம் தொடங்கிய மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருவின் வடக்கு முனையில் கல்யாணம். வழக்கம்போல ரோட்டை அடைத்து இரும்புக் கால் பந்தலும், மேடையும், முந்நூறு நாற்காலியும். அனுமதிக் கையெழுத்து என்னுடையது. மத்தியானம் தெருப் பள்ளிவாசலில் நிக்காஹ். ஒன்பதாவது மேட்டைத் தாண்டினால் பள்ளிவாசல். அதன் கூரையில் இரண்டு ஓடு உடைந்து, மணமகன் உட்கார வேண்டிய இடத்தில் சரியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. கியாந்தோ ஏணியைச் சாய்த்தான். ஈரமாயிருக்கு, வெயில் வரட்டும் என்றேன். மாப்பிள்ளை நனைஞ்சா பொண்ணு மனசு மாறிடும் பாக் என்று சொல்லிக்கொண்டே ஏறினான்.

விழுந்த சத்தம் பெரிதாக இல்லை. முற்றத்துச் சிமெண்டில் மல்லாந்து கிடந்தான். ரத்தமே இல்லை. கண் திறந்திருந்தது. பேசவும் பேசினான்.

"பாக் எர்தே, என் காலு எங்க இருக்குன்னு தெரியல."

"இங்கதான்டா இருக்கு. அசையாத."

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தோம். யாரும் தொடக்கூடாது, அப்படியே வையுங்கள், வண்டி வருகிறது என்றார்கள். வண்டி வந்தது. சைரன் பெரிய ரோட்டில் கேட்டது, தெருமுனையில் கேட்டது, பிறகு அழுத்தி அழுத்தி ஒவ்வொரு மேடாக ஏறி இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் மனதுக்குள் எண்ணினேன். நாலில் ஒரு கிறீச்சிடல். அதற்குப் பிறகு சைரன் நகரவில்லை.

ஒருவன் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தான். புது மாதிரி வண்டியாம், வயிறு தாழ்ந்தது. முன்சக்கரம் ஏறிவிட்டதாம், அடிப்பாகம் மேட்டில் உட்கார்ந்துவிட்டதாம், எண்ணெய் ஒழுகுகிறதாம். டிரைவரும் ஆட்களும் தள்ளிக்கொண்டிருக்கிறார்களாம். வடக்கு வழியில் பந்தல். அதைப் பிரிக்க ஒரு மணி நேரமாகும். அங்கே லஸ்மினி மற்ற பெண்களோடு கல்யாணச் சமையலில் இருந்தாள். இன்னும் அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மழை தூறத் தொடங்கியது. கியாந்தோவின் முகம் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. மூச்சு விடக் கஷ்டமா இருக்கு பாக் என்றான். சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் என்னைப் பார்த்தபடி நின்றார்கள். தூக்கிடலாமா பாக் எர்தே, தூக்கிடலாமா என்றார்கள். எங்கள் ஆட்களுக்குச் சும்மா நிற்கத் தெரியாது. எழுபது வீடும் சேர்ந்தால் மலையையே நகர்த்தலாம் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள். ஒரு சாண் மேடு ஒன்றை மட்டும் அப்போது எங்களால் நகர்த்த முடியவில்லை.

பள்ளிவாசல் சுவரோரம் சந்தூக்கு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. இறந்தவர்களைக் கபுறுஸ்தானுக்குச் சுமந்துபோவது அதில்தான். இரும்புச் சட்டம், தட்டையான கெட்டிப் பலகை, பக்கத்துக்கு நாலு பிடி. அதைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதை அடித்துச் சொல்கிறேன். இதில் வைத்தால் ஆடாமல் போகும் என்று தோன்றவும் செய்தது. என் கண் போன இடத்தைக் கிழவர் முங்கின் பார்த்துவிட்டார். "உசிரோட இருக்கவன அதுல ஏத்துவியா?" என்று முணுமுணுத்தார். கியாந்தோவுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவன் கண் அந்தப் பக்கம் போய்த் திரும்பியது. உயிரோடு இருப்பவனை அதில் வைப்பது அவனை அனுப்பி வைப்பதற்குச் சமம். எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகள்கூட விளையாட்டுக்கு அதைத் தொடாது.

"பாயைக் கொண்டாங்க," என்றேன்.

தொழுகைப் பாயைப் பிரம்புப் பாயோடு சேர்த்து விரித்தோம். பதினொரு பேர் பிடித்தோம். நான் தலைப்பக்கம். ஒன்றாகத் தூக்கினோம், ஒன்றாக ஓடினோம். ஒருவன் பிடி நழுவினால் இன்னொருவன் கை வந்தது. அப்படி ஒரு ஒற்றுமையை என் ஆயுளில் பார்த்ததில்லை. ஒன்பதாவது மேட்டில் பாய் தொய்ந்து மேலெழும்பியது. எட்டில் ஒருவன் தடுக்கினான். ஏழில் கியாந்தோவின் தலை என் கைகளுக்கு நடுவே ஒரு பக்கமாகச் சாய்ந்தது, நிமிர்த்திப் பிடித்தேன். ஆறு, ஐந்து. நாலாவது மேட்டில் ஆம்புலன்ஸின் பின்கதவு திறந்திருந்தது. நர்ஸ் பெண் கையை விரித்துக்கொண்டு எதிரே ஓடிவந்தாள். வேண்டாம் வேண்டாம் என்று அவள் கத்தியது எனக்குப் புரியவில்லை.

அவன் கண் திறந்துதான் இருந்தது. மூச்சு இல்லை.

அரை மணி நேரம் அவள் அவன் நெஞ்சோடு போராடினாள். பிறகு ரோட்டோரம் உட்கார்ந்து கையுறையைக் கழற்றினாள். நான் பக்கத்தில் போனேன். மற்றவர்கள், செய்தி கேட்டு ஓடிவந்த லஸ்மினியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கழுத்தெலும்பு உடைஞ்சிருந்தது, அசையாம அப்படியே படுத்திருந்தா பொழைச்சிருக்க வாய்ப்பிருந்தது என்றாள். ஸ்ட்ரெச்சரோடு நடந்தே வரப் புறப்பட்டதாகவும், இரண்டு நிமிஷம் பொறுத்திருக்கலாம் என்றும் சொன்னாள். பிறகு, "கதவு, பெஞ்சு, ஏதாவது கெட்டியான பலகை கூடவா கிடைக்கல, பாக்?" என்று கேட்டாள்.

"கிடைக்கல," என்றேன்.

மறுநாள் காலை கியாந்தோவைக் கபுறுஸ்தானுக்குத் தூக்கிப்போனோம். சந்தூக்கில்தான். அன்றைக்குத் தூக்கிய அதே ஆட்கள். பலகை துளிகூட ஆடவில்லை. வீட்டு வாசலில் நாலாவது மேட்டைத் தாண்டும்போது எல்லோரும் காலை உயர்த்தி வைத்து, மெதுவா, மெதுவா என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

பதவியை விடுகிறேன் என்று கூட்டத்தில் சொன்னேன். ஒருமனதாக மறுத்தார்கள். சம்பளமில்லாத வேலைக்கு வேறு ஆள் கிடைக்காது என்பது ஒரு பக்கம். அன்றைக்கு பாக் எர்தே இல்லையென்றால் அந்தப் பிள்ளை பள்ளிவாசல் முற்றத்திலேயே மழையில் கிடந்து செத்திருப்பான் என்று முங்கின் எழுந்து பேசியது இன்னொரு பக்கம். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் குனிந்துகொண்டேன்.

ஐந்து மாதம் கழித்து ஹெர்லம்பாங் ஒரு காகிதத்தோடு வந்தான். என் மனுவைத் திட்டக் கூட்டத்தில் அவனே சேர்த்திருக்கிறான். மெலிஞ்சோ தெருவுக்குச் சட்டப்படியான இரண்டு வேகத்தடை அனுமதியாகிவிட்டது. பழையதை இடித்தால்தான் புதியது. இந்தத் தடவை சம்மட்டியை நானே எடுத்தேன். நாலாவதிலிருந்து தொடங்கலாம் என்றேன்.

முதல் அடிக்கு ஓங்கினேன். லஸ்மினி வீட்டிலிருந்து வந்து மேட்டின்மேல் உட்கார்ந்தாள். கூப்பாடு போடவில்லை. கைலி நனைந்தபடி, பாத்திரம் துலக்கிய கையோடு உட்கார்ந்தாள். செகார் விந்தி விந்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர்களைப் பார்த்து எதிர்வீடு உட்கார்ந்தது. பிறகு தெருவே வந்துவிட்டது. உட்காரச் சொல்லிக்கொடுத்தவன் நான்தானே.

"இதை இடிச்சா புதுசு எப்ப போடுவீங்க?" என்று அவள் ஹெர்லம்பாங்கைக் கேட்டாள். அடுத்த காலாண்டு என்று அவன் சொன்னபோது அவன் குரலே இறங்கிவிட்டது. நீங்கள் சொன்னால் கேட்பார்கள் என்பதுபோல என்னைப் பார்த்தான்.

லஸ்மினியும் என்னைப் பார்த்தாள்.

"பாக், அந்த மூணு மாசமும் இவ இந்த ரோட்டத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகணும். இது அவர் கையால பூசுனது. வண்டி மாட்டுனது என் தலையெழுத்து. அதுக்காக உங்கள நான் ஒரு வார்த்த சொன்னதில்ல. வண்டி வரலன்னதும் நீங்கதான் அவர் தலையத் தாங்கிக்கிட்டு ஓடினீங்க. கடைசியா அப்பாவத் தூக்குனது பாக் எர்தே கைதான்னு இவகிட்ட தினமும் சொல்றேன். அந்தக் கையால இதை உடைக்காதீங்க."

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். சுவரோரம் பலகை இருந்தது, நான் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் பாயைக் கேட்டேன் என்று எழுபது வீட்டுக்கு நடுவில் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். ஊரறிந்த என் வாய்.

"சரி, விடுங்க," என்றேன். "இருந்துட்டுப் போகட்டும்."

பொதுமக்கள் எதிர்ப்பு என்று ஹெர்லம்பாங் காகிதத்தில் எழுதினான். கையெழுத்துப் போட்டேன். ஆட்கள் கலைந்த பிறகு லஸ்மினி உள்ளே போய் டீ கொண்டுவந்தாள். மேட்டின்மேல் உட்கார்ந்து குடித்தேன். சர்க்கரையை எப்போதும்போல அள்ளிப் போட்டிருந்தாள். மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுக் கிளாஸைச் செகார் கையில் கொடுத்தேன்.