மூலையில் இருந்த நாற்காலி

எங்கள் சோதனை அறையில் கூப்பிட்டால் குரல் திரும்பி வராது. சுவர், கூரை, கதவு எங்கும் கூம்பு கூம்பாக ஸ்பாஞ்ச். ரேடியோ அலையையும் விழுங்கும், பேச்சையும் விழுங்கும். கூடவே வேலை பார்த்த என் வீட்டுக்காரர் இருந்தவரை அது எனக்கு உறைக்கவில்லை. மனுஷன் ஓயாமல் பேசுவார்.

விமானத்துக்கான லென்ஸ் ஆன்டெனாக்களை அளந்து பார்ப்பது எங்கள் வேலை. சாப்பாட்டுத் தட்டு அளவில் வெள்ளை பிளாஸ்டிக் லென்ஸ்; சிதறிப் போகும் அலையை ஒரே திசையில் குவித்து அனுப்பும். இப்போது வந்திருப்பது அவர் சாவதற்கு முன் கடைசியாக வளைவுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தது. இது தேற வேண்டுமே என்று எனக்கு ஒரே பதைப்பு. தேறவில்லை. எந்தத் திசையில் எவ்வளவு அலை என்று காட்டும் வரைபடத்தின் இடப்பக்கம், இருக்கவே கூடாத இடத்தில், ஒரு சின்ன மேடு.

"லென்ஸ்லதான் கோளாறு. கழிச்சுடலாம்மா," என்றார் பிரிவுத் தலைவர்.

"அவர் கணக்கு தப்பாது சார்."

"பாசம் வேற, அளவு வேற."

சுருக்கென்றது. வீம்புக்கு, முன்பே தேறிய பழைய லென்ஸ் ஒன்றை எடுத்து மாட்டினேன். அதிலும் அதே மேடு! அப்படியானால் கோளாறு அறையில். கதவைத் திறந்து இடப்பக்க மூலையைப் பார்த்தேன். அங்கே ஒன்றுமே இல்லை.

அதுதான் வினை. வெறும் அறையை ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சோதனையிலும் அதைக் கழித்த மிச்சத்தைத்தான் லென்ஸின் கணக்கில் சேர்ப்போம். அன்று அளந்தவர் என் வீட்டுக்காரர். மறதியில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. தான் உட்காரும் இரும்பு நாற்காலியை அந்த மூலையிலேயே விட்டுவிட்டு அளந்திருக்கிறார். அவர் போன பிறகு, பார்க்கச் சகிக்காமல், நான்தான் அதை வீட்டுக்குத் தூக்கிப் போனேன். கருவியோ இல்லாத நாற்காலியை இன்னும் கழித்துக்கொண்டிருக்கிறது.

மறுநாள் நாற்காலியைத் திரும்பக் கொண்டுவந்து போட்டேன். மேடு மறைந்தது. தலைவர் நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தப்பா பேசிட்டேன்மா. ஆனா இத உள்ள வெச்சே ஓட்ட முடியாது. வெறும் அறைய மறுபடி அளந்துட்டு லென்ஸ ஏத்து."

நாற்காலியை வெளியே வைத்துக் கதவைச் சாத்தினேன். திரையில் வழக்கமான கேள்வி வந்தது: அறை காலியாக இருக்கிறதா?

அன்று அந்த மனுஷன் யோசிக்காமல் 'ஆமாம்' என்று அழுத்தியிருப்பார். எனக்குக் கை வரவில்லை. தலைவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் அழுதேன்.

பிறகு 'ஆமாம்' என்று அழுத்தினேன். அவருடைய லென்ஸ் தேறிவிட்டது.