உங்க வீட்டுக்குன்னா எதைப் போடுவீங்க?

திண்டுக்கல் ரவுண்டு ரோட்டில் மரியசெல்வம் கடைக்கு வருகிறவர்கள் கடைசியில் வந்து நிற்கிற கேள்வி ஒன்றுதான். பிரேக் ஷூ கேட்டு வந்தாலும் சரி, கிளட்ச் பிளேட் கேட்டு வந்தாலும் சரி, கம்பெனி சாமானையும் லோக்கல் சாமானையும் கண்ணாடி மேஜை மேல் அடுத்தடுத்து வைத்ததும் ஆள் ரெண்டையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். விலையைக் கேட்பார். தலையைச் சொறிவார். அப்புறம் குரலை இறக்கிக் கேட்பார்: "அண்ணே, உங்க வீட்டுக்குன்னா எதைப் போடுவீங்க?"

இதைக் கேட்டுவிட்டால் அப்புறம் பேச்சே கிடையாது. கடைக்காரர் எதைக் கைகாட்டுகிறாரோ அதை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்கள். நம்ம ஊர்ப் பழக்கம் அப்படி. டாக்டரிடமும் இதையேதான் கேட்கிறோம், டைல்ஸ் கடையிலும் இதையேதான் கேட்கிறோம். உங்க பிள்ளையா இருந்தா ஆபரேஷன் பண்ணுவீங்களா சார்?

மரியசெல்வத்திடம் பதில் எப்போதும் தயாராக இருக்கும். "நம்ம வண்டிக்கே இதைத்தாம்ப்பா போட்டிருக்கேன். ரெண்டும் ஒண்ணுதான், டப்பாதான் வேற" என்று லோக்கலைத் தட்டிக் காட்டுவார். வெளியே வெயிலில் நிற்கிற அவருடைய வண்டியில் இண்டிகேட்டர் பல்பு வரைக்கும் கம்பெனி சாமான்தான். என்ன செய்வது, லோக்கலில்தானே கடைக்காரனுக்கு நாலு காசு நிற்கிறது. இதை ஒரு பொய் என்று அவர் நினைத்ததே இல்லை. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழந்தாளிட்டால் கோபப்பட்டதைச் சொல்வார், ஞாயிறு பூசைக்குப் பிந்திப் போனதைச் சொல்வார், கொழுந்தியாள் வீட்டுக்காரன் பிராங்க்ளின் கார் வாங்கியதைப் பார்த்து வயிறு எரிந்ததைக்கூட மறைக்காமல் சொல்வார். இதைச் சொன்னதில்லை. வியாபாரத்தில் வாய் பேசுவதெல்லாம் ஒரு பாவமா?

ரெண்டு வருஷமாகக் கடையில் ட்ரோன் சாமானும் வைத்திருக்கிறார். முதலில் அவருக்கே அந்தப் பைத்தியம் பிடித்துத்தான் ஒன்று வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அகரம் பக்கம் காட்டுவெளியில் கொண்டுபோய்ப் பறக்கவிட்டுத் தென்னந்தோப்பையும் கிணற்றையும் மேலிருந்து பார்ப்பதில் அப்படி ஒரு சந்தோஷம். ஊரில் இந்தப் பைத்தியம் இன்னும் பல பேருக்கு இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. கல்யாண வீடியோக்காரர்கள், காலேஜ் பையன்கள், வெளிநாட்டு மாமன் வாங்கிக் கொடுத்து வைத்திருக்கிறவர்கள். எல்லோருக்கும் முதலில் சாகிறது பேட்டரிதான். ஒரிஜினல் பேட்டரி விலையைக் கேட்டால் ட்ரோனே வேண்டாம் என்று தோன்றும். சென்னையிலிருந்து வருகிற லோக்கல் பேட்டரி பாதி விலைக்கும் கீழே. அதே அளவு, அதே வடிவம், மேலே ஒட்டியிருக்கிற சீட்டில் ஒரிஜினலை விட அதிக நேரம் ஓடும் என்று வேறு போட்டிருக்கும்.

லோக்கல் என்றால் எல்லாமே குப்பை என்று சொல்லிவிடவும் முடியாது. முக்கால்வாசி ஒழுங்காகத்தான் ஓடும். மிச்சக் கால்வாசி எது என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது, அதுதான் சங்கடம். போன மாசம் செம்பட்டியிலிருந்து அழகுராஜா என்கிற பூ விவசாயி இவரிடம் வாங்கிய லோக்கல் பேட்டரி ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். சுண்டல் தின்ற வயிறு மாதிரி உப்பிக் கிடந்தது.

"பாதி சார்ஜ் இருக்குன்னு போன்ல காட்டிக்கிட்டே இருந்துச்சுண்ணே. திடுதிப்புன்னு அணைஞ்சு கல்லு மாதிரி விழுந்திருச்சு. நல்லவேளை, செவ்வந்திக்குள்ள விழுந்துச்சு. செத்த நேரம் முன்னாடிதான் பூப்பறிக்கிற பொம்பளைக அந்த இடத்துல நின்னாக."

"வெயில்ல வச்சிருப்பீங்க தம்பி" என்றார் மரியசெல்வம், முகம் மாறாமல். வேறொன்று எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார். அன்று ராத்திரியே தன்னுடைய ட்ரோனில் ஒரிஜினல் பேட்டரிதான் இருக்கிறதா என்று ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கொண்டார். ஒரிஜினல்தான். வாங்கிய அன்றைக்கே சாமியாரிடம் கொடுத்து மந்திரித்து, அந்தப் பேட்டரியின் முதுகில் ஒரு சின்ன மாதா படம் ஒட்டி வைத்திருந்தார்.

சனிக்கிழமை காலையில் ரீனா டீச்சர் கடைக்கு வந்தாள். ஞாயிறுதோறும் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறவள். மரியசெல்வத்தின் மகள் ஷெரின் அவள் வகுப்புதான். மறுநாள் பிள்ளைகளுக்குப் புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற நாள். டீச்சருடைய மகன் பிரின்ஸுக்கும் அதே நாள்தான். புது வெள்ளை ஷூவை நடந்து பழக்கவென்று காலில் மாட்டிக்கொண்டு அவனும் கூட வந்திருந்தான். டீச்சரின் தம்பி துபாயிலிருந்து ஒரு ட்ரோன் அனுப்பியிருந்தான். மரியசெல்வத்திடம் இருக்கிற அதே மாடல். அதன் பேட்டரி போய்விட்டது.

மரியசெல்வம் ரெண்டு பேட்டரியையும் எடுத்து வைத்தார். டீச்சர் பார்த்தாள்.

"கொஞ்சம் வெயிட் தூக்கணும்ணே. இது தாங்குமா?"

"தாராளமா தாங்கும் டீச்சர்."

என்ன வெயிட், எங்கே தூக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு வளரும். வளர்ந்தால் ஆள் யோசிக்க ஆரம்பிக்கும். டீச்சர் ரெண்டையும் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டே விட்டாள்.

"உங்க வீட்டுக்குன்னா எதைண்ணே போடுவீங்க?"

"நம்ம ட்ரோன்ல கிடக்கிறதே இதுதான் டீச்சர். ரெண்டும் ஒண்ணுதான், டப்பாதான் வேற."

"அப்ப சரிண்ணே" என்று டீச்சர் லோக்கலை எடுத்துக்கொண்டாள். "எதுக்குன்னு நாளைக்குப் பாருங்க. சஸ்பென்ஸ்!" பிரின்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

ஞாயிறு விடிந்ததும் வீடே அல்லோலகல்லோலப்பட்டது. வெள்ளைக் கவுனில் ஷெரின் கையைக் காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவள் தலையில் கிரீடத்தை வைத்து ஊசி குத்திக்கொண்டிருந்தாள் மரியசெல்வத்தின் மனைவி வினோலியா. "ஆடாத, ஆடாத" என்று அவள் அதட்ட அதட்ட, பிள்ளைக்கு உள்ளே எதுவோ பொங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் அடக்க முடியவில்லை.

"அப்பா, யாருகிட்டயும் சொல்லக்கூடாது. சாமி சத்தியமா சொல்லக்கூடாது."

"சொல்லல. என்ன?"

"நாங்க மாதா சிலை இருக்கிற கெபியில இருந்து மெழுகுவத்தி பிடிச்சுக்கிட்டு வரிசையா வருவோம்ல, அப்ப டீச்சர் ட்ரோன்ல இருந்து எங்க தலை மேல ரோஜாப்பூவா கொட்டப் போறாங்க! நான்தான் முதல் ஆளு. எங்க வரிசைக்கு நேரா மேலயே கூட வருமாம்!"

மரியசெல்வம் எழுந்துவிட்டார். உப்பிக் கிடந்த அந்தப் பேட்டரி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ட்ரோன் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? அதன் இறக்கை ஒரு தடவை அவர் விரலையே கிழித்திருக்கிறது. இது பூ வேறு சுமந்துகொண்டு பறக்கப் போகிறது. சுமை ஏற ஏற பேட்டரி திணறும். அப்படித் திணறும்போதுதான் அந்தக் கால்வாசிச் சாமான் காலை வாரிவிடும். கடைக்குப் போய் எடுத்துவர நேரமில்லை. அவர் பீரோ மேலிருந்து தன்னுடைய ட்ரோன் பையை இறக்கினார், பேட்டரியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார்.

"பிள்ளைக்குப் புதுநன்மை, இவருக்கு இன்னைக்கும் ட்ரோன்!" என்றாள் வினோலியா.

"நீங்க ரெண்டு பேரும் ஆட்டோவுல வாங்க. நான் முன்னாடி போறேன்."

கோயில் வாசலிலேயே பங்குச்சாமியார் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க வாங்க மரியசெல்வம்! நானே உங்களுக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன். பிள்ளைங்க தலைக்கு மேல பறக்கவிடலாமான்னு எனக்கு யோசனையா இருந்துச்சு. ரீனா டீச்சர்தான் சொன்னாங்க, மரியசெல்வம் அண்ணன் தன் வீட்டுக்குப் போடுற பேட்டரியையே குடுத்திருக்கார் ஃபாதர்னு. அப்ப சரிம்மா, தைரியமா செய்யுன்னுட்டேன்."

"ஆமாங்க ஃபாதர்" என்றார் மரியசெல்வம். வேறு என்ன சொல்ல முடியும்? டீச்சரைத் தேடிக்கொண்டு நடையைக் கட்டினார்.

டீச்சர் கெபிக்குப் பின்னால் வேப்பமர நிழலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ட்ரோனுக்கு அடியில் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவைக் கட்டி, மூடியில் நூல் வைத்து, கை நிறைய ரோஜா இதழை அள்ளி நிரப்பிக்கொண்டிருந்தாள். லோக்கல் பேட்டரி ஏற்கனவே உள்ளே ஏறியிருந்தது. பச்சை விளக்கு எரிந்தது.

வழியெல்லாம் அவர் என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டுதான் வந்தார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றும் ஒரு நினைப்பு வந்தது. ஆனால் வாயைத் திறந்ததும் கடைக்காரன்தான் பேசினான்.

"டீச்சர், இந்தாங்க, இதைப் போடுங்க. கம்பெனிக்காரன் சும்மா ஒண்ணு குடுத்தான், ஆஃபர்ல. நம்ம பங்குப் பிள்ளைகளுக்கு நல்லதா இருக்கட்டுமேன்னு கொண்டாந்தேன். காசெல்லாம் வேணாம்."

டீச்சர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். திருப்பினாள். பின்னால் ஓரம் தேய்ந்துபோன மாதா படம். விரலால் அதைத் தடவினாள்.

"இது உங்க ட்ரோன்ல இருந்ததுதானண்ணே?"

அவர் குனிந்து பூ டப்பாவைப் பார்த்தார்.

"அப்ப உங்க வீட்டுல கிடக்கிறது ஒரிஜினலு."

"இல்ல டீச்சர்... அதுவும் நல்ல சாமான்தான். நூத்துக்கு முக்காவாசி ஒண்ணும் ஆகாது. பூ வெயிட் இருக்குல்ல, அதான் எதுக்கு வம்புன்னு. ஷெரின் வேற முதல் ஆளா வாராளா..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே விளங்கியது. டீச்சர் எழுந்து நின்றாள். கோபத்தில் கத்தியிருந்தால்கூடத் தேவலை. அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"ஷெரினுக்கு அடுத்த ஆளு என் மகன்தாண்ணே. நேத்துக் கடையில நீங்க சொல்லும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னானே, பார்த்தீங்கள்ல?"

பார்த்தார். அந்த வெள்ளை ஷூவைக்கூடப் பார்த்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது, பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. ஓடி வந்து தடுத்தவனும் நான்தானே, அதை யாரும் நினைக்க மாட்டார்களா?

"ஒரிஜினலைப் போட்டுப் பறக்க விடுங்க டீச்சர். அது ஒண்ணும் ஆகாது, நான் சொல்றேன்."

"நீங்க சொல்றீங்க" என்றாள் டீச்சர்.

அவ்வளவுதான். குனிந்து டப்பாவின் நூலை அவிழ்த்தாள். லோக்கலைக் கழற்றி, ரெண்டு பேட்டரியையும் சேர்த்து அவர் கையில் வைத்தாள். ட்ரோனைப் பைக்குள் வைத்து மூடிவிட்டு, பூ டப்பாவைத் தூக்கிக்கொண்டு பாட்டுக்குழுப் பெண்கள் நின்ற பக்கம் போய்விட்டாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் கெபியிலிருந்து வரிசையாகக் கிளம்பினார்கள். ரெண்டு பக்கமும் நின்ற பெண்கள் கையால் இதழை அள்ளி வீசினார்கள். அதுவும் அழகாகத்தான் இருந்தது. தாய்மார்களெல்லாம் போனில் படம் பிடித்தார்கள். ஆனால் பிள்ளைகள் ஒருவர்கூடப் பூவைப் பார்க்கவில்லை. சஸ்பென்ஸ் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு, கிரீடம் பின்னால் சரியச் சரிய, வானத்தை அண்ணாந்து பார்த்தபடியே நடந்தார்கள். பிரின்ஸ் கோயில் படி தடுக்கி விழப் பார்த்தான். வாசலுக்குள் நுழைகிற கடைசி நிமிஷம் வரைக்கும் ஷெரின் மேலேயே பார்த்துக்கொண்டு போனாள்.

பூசையில் பீடத்தில் என்ன நடந்தது, என்ன பிரசங்கம் என்று மரியசெல்வத்தைக் கேட்டால் தெரியாது. சட்டைப் பையில் ரெண்டு பேட்டரியும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. நன்மை வாங்க எல்லோரும் எழுந்து போனார்கள். பாவத்தோடு போய் நன்மை வாங்கக் கூடாது என்பார்கள். அவர் தூணோரமாக நின்றுகொண்டார். "ஏங்க, போகலையா? பிள்ளைக்குப் புதுநன்மைங்க!" என்று வினோலியா கிசுகிசுத்தாள். அவர் அவளைப் போகச் சொல்லிக் கைகாட்டினார்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது வெயில் ஏறிவிட்டது. வினோலியா உறவுக்காரர்களோடு நின்று பேசிக்கொண்டிருந்தாள். ஷெரின் மட்டும் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரிடம் ஓடி வந்தாள்.

"ஏம்ப்பா ட்ரோன் வரல? டீச்சர்கிட்ட கேட்டேன், பேட்டரி சரியில்லன்னு சொல்லிட்டாங்க."

"ம்."

"பேட்டரிதானப்பா? நம்ம கடையில அம்புட்டு இருக்கு. டீச்சர் உங்ககிட்ட வந்து கேட்டிருந்தா நீங்க நல்லதாப் பார்த்துக் குடுத்திருப்பீங்கல்ல?"

பிள்ளை முகத்தைத் தூக்கிக்கொண்டு பதிலுக்காக நின்றது. கிரீடத்தில் ஒரு ரோஜா இதழ் ஒட்டியிருந்தது. மரியசெல்வம் அதைக் குனிந்து எடுத்தார்.

"குடுத்திருப்பேம்மா" என்றார்.