பியானோ நுழைய இரண்டு பக்கம்

என் வீட்டுக்காரரின் புதுக் கோட்டில் பின்பக்கப் பொத்தான்களை நான் தைத்துக்கொண்டிருந்தபோதுதான் அரங்க மேலாளர் அவருக்குப் போன் செய்தார். இசை நடத்துகிறவரின் முதுகைத்தானே சனம் பார்க்கும் என்று இரண்டிரண்டு தடவை இழுத்துத் தைத்திருந்தேன். பியானோக்காரர் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாராம். "அதான் நீங்க இருக்கீங்களே சார்!"

இதைக் கேட்டுக் கேட்டே இவருக்கு முப்பது வருஷம் ஓடிவிட்டது. பியானோ, ஆர்கன், ஹார்ப்சிகார்ட், எவனுக்குக் காய்ச்சல் வந்தாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். போஸ்டரில் எவன் பெயரோ இருக்கும். இன்றைக்குத்தான் முதன்முதலாக, நடத்துகிறவர் என்று இவர் பெயர். கையில் வெறும் குச்சியோடு, நடத்துகிறவர் நிற்கும் அந்தச் சின்ன மேடையில் ஏறி நிற்க வேண்டும், மனிதருக்கு அவ்வளவுதான் ஆசை.

"முடியாதுன்னு சொல்லுங்களேன்."

"சொன்னா கச்சேரியே நின்னுடும். வாசிச்சுக்கிட்டே நடத்திடலாம், தலையாட்டினா போதும்."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து அதைத்தானே பண்றீங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அலுத்துப்போன முகம்.

ஒத்திகைக்குப் போனால், சின்ன மேடையை இடப்பக்கம் தள்ளிவிட்டு நடுவில் பியானோவைப் போட்டிருந்தார்கள். எப்போதும்போல் பக்கம் புரட்ட நான் உட்கார்ந்தேன். அவர் கட்டைகள்மேல் கை வைத்தார். பிறகு இடப்பக்கம் திரும்பி அந்தக் காலி மேடையைப் பார்த்தபடியே இருந்தார். வயலின்கள் வில்லைத் தூக்கிக் காத்திருந்தன. எனக்கும் புரியவில்லை.

"சார்," என்றாள் முன்வரிசை வயலின்காரி மெதுவாக, "நாங்க உங்களைத்தான் பாத்துட்டிருக்கோம்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் காதெல்லாம் சிவந்துவிட்டது. யாரோ வந்து ஆரம்பித்து வைப்பார்கள் என்றே மனிதர் உட்கார்ந்திருக்கிறார்!

மாலையில் அரங்கம் நிறைந்திருந்தது. கைதட்டல் அடங்கியது. பாழாய்ப்போன கழுத்து மறுபடியும் இடப்பக்கம் திரும்பியது.

"ஏங்க..." என்றேன், உதடு அசையாமல்.

அவர் எழுந்தார். நேராகப் போய்ச் சின்ன மேடையில் ஏறினார். குச்சியைக்கூட வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார், வெறுங்கையை உயர்த்தினார். குழு மொத்தமும் அவர் பக்கம் திரும்பி வாசிக்கத் தொடங்கியது.

அந்த இசையில் பியானோ நுழைய இன்னும் இரண்டு பக்கம் இருந்தது. ஆளில்லாத கட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முதல் பக்கத்தைப் புரட்டினேன். அப்புறம் நான்கு வரிதான் பாக்கி. அப்புறம் இரண்டு.

அவர் பியானோ பக்கம் திரும்பவில்லை. கைகள் மேலே போகும்போதெல்லாம், நான் தைத்த பொத்தான்கள் இரண்டும் விளக்கில் மின்னிக்கொண்டிருந்தன.