ஏழு சேனலும் வேணும்

1.

இந்தக் கதை என் வாயிலிருந்து விழுந்த ஒரு பேச்சில் தொடங்கியது. அதைச் சொல்லிப் பல வருஷங்கள் ஆகின்றன. சொல்லாமல் இருந்திருக்கலாமா என்று என்னையே கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், சரி, எழுதித்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன்.

முதலில் ‘நான்’ என்றே எழுதினேன். நான்கு தடவை. நான்கு தடவையும் அந்த ‘நான்’ நிஜத்தில் இருந்ததைவிடக் கொஞ்சம் நல்லவனாகிவிட்டான். வாடிக்கையாளர்களிடம் பொறுமையாகப் பேசினான். அவர்கள் முகத்தைப் பார்த்தே மனதைப் புரிந்துகொண்டான். அப்படி ஒருவன் அந்தக் கடையில் வேலை பார்க்கவில்லை. ஆகவே அவனுக்கு இவாசே என்று பெயர் வைத்து, என்னிடமிருந்து நாலடி தள்ளி நிறுத்தியிருக்கிறேன். ஜப்பானில், நகோயா நகரத்தின் ஓசு கடைத்தெருவில், கணினி உதிரிபாகக் கடை ஒன்றின் இரண்டாம் மாடியில் டிவி ட்யூனர் கார்டு விற்றவன். வயது முப்பத்து நாலு. கார்டுகளைப் பற்றி அவனுக்குத் தெரியாதது இல்லை. மனிதர்களைப் பற்றி [இங்கே ஒரு சாமர்த்தியமான வரி இருந்தது. எடுத்துவிட்டேன்.]

2.

முதல் தொடக்கம்: ‘வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.’ பெய்யவில்லை. நல்ல வெயில்.

இரண்டாவது தொடக்கம்: ‘அந்த அம்மாவைப் பார்த்ததுமே இவாசேயின் மனதில் ஏதோ’ — இல்லை. அவன் மனதில் ஒன்றும் தோன்றவில்லை. அது 2010 அக்டோபர். பழைய ஒளிபரப்பு அடுத்த ஜூலையோடு நிற்கப்போகிறது என்று ஊரே டிஜிட்டல் ட்யூனர் வாங்க அலைந்த நேரம். அறுபதைத் தாண்டியவர்கள் தினமும் பத்துப் பேராவது மாடியேறி வந்து, மூச்சு வாங்க, அதே கேள்விகளைக் கேட்டார்கள். அன்றைக்கு அவன் இன்னும் மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்கவில்லை.

ஆக, இப்படித் தொடங்குகிறேன். மியாச்சி தொகிகோ என்ற அம்மா வந்தார். கையில் ஒரு துண்டுக் காகிதம்.

“டிவியில வர்றத கம்ப்யூட்டர்லயே பதிவு பண்ணலாமாமே. அதுக்குக் கார்டு இருக்காம்ல?”

“இருக்கும்மா. என்ன பதிவு பண்ணப் போறீங்க? சீரியலா, பேஸ்பாலா?”

“எல்லாம்.”

“எல்லாம்னா? ஒரே நேரத்துல எத்தன சேனல்?”

“நம்ம ஊர்ல எத்தன வருது?”

“ஏழு.”

“அப்ப ஏழும்.”

இவாசே சிரித்துவிட்டான். “ஏழையும் பாக்க ஏழு தல வேணுமேம்மா.”

“தல ஒண்ணுதான் இருக்கு. நேரம் நெறைய இருக்கு.”

அவர் சிரிக்கவில்லை. இவாசே பெட்டிகளை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் பரப்பினான். ஒரு கார்டில் நான்கு ட்யூனர்கள். ஆனால் அதில் இரண்டு செயற்கைக்கோள் சேனலுக்கு, இரண்டுதான் உள்ளூர் ஒளிபரப்புக்கு.

“உங்களுக்குப் பாதி கார்டு சும்மாவே கெடக்கும். பரவாயில்லையா? ஒரு கார்டுக்கு ரெண்டு சேனல். கம்ப்யூட்டருக்குள்ள மூணு கார்டு போட எடமிருக்கும். அப்ப ஆறு. ஏழாவதுக்கு வெளிய தனியா ஒரு குட்டிப் பெட்டி மாட்டலாம். ஆனா அது சூடாகும், அப்பப்பத் தகராறு பண்ணும். ஆறோட நிறுத்திக்கோங்களேன். ஏழாவது சேனல்ல என்ன பெருசா வந்துடப் போவுது?”

“அதுலதான் வரும்னு வெச்சுக்கோங்க, அப்ப நான் என்ன பண்றது? அவன் எதுல—” என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். “ஏழும் வேணும்ப்பா.”

‘அவன்’ என்ற சொல் இவாசேயின் காதில் விழுந்திருக்கும். பேரன் யாரோ என்று நினைத்திருப்பான். அவன் கவலையெல்லாம் மூன்று கார்டையும் நெருக்கி மாட்டினால் காற்று போக வழியிருக்குமா என்பதுதான்.

3.

பொருத்திக் கொடுக்க ஆள் வருவார்களா என்று கேட்டார். கடைக்கு அந்த வழக்கமில்லை. விடுமுறை நாளில் இவாசே தானாகப் போனான். [கருணையினால் என்று எழுதி அடித்திருக்கிறேன். மூன்று கார்டும் ஒரு பெட்டியும் ஒரே கம்ப்யூட்டரில் ஓடுமா என்று பார்க்கும் ஆசை. அவ்வளவுதான்.]

மினாமி வட்டாரத்தில் பழைய இரண்டு மாடி வீடு. கீழே அவருடைய கணவர் மியாச்சி, சத்தத்தைக் குறைத்துவைத்து சுமோ பார்த்துக்கொண்டிருந்தார். இவாசே வணக்கம் சொன்னான். அவர் தலையை மட்டும் அசைத்தார், திரும்பவில்லை.

மாடி அறையில் மாட்டச் சொன்னார் தொகிகோ. இவாசே அங்கிருந்த கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி மூன்று கார்டுகளையும் அழுத்திப் பொருத்தினான். அனுமதி அட்டையை, அதைப் படிக்கும் கருவியில் செருகினான். அது இல்லாவிட்டால் படம் பூட்டியே கிடக்கும். சுவரிலிருந்து வந்த ஒரே ஆன்டெனா வயரைப் பிரித்துப் பிரித்து ஏழு ட்யூனருக்கும் கொடுத்தான். பிரிக்கப் பிரிக்க சிக்னல் செத்தது. திரையில் படம் உடைந்து சிதறியது.

“ஐயோ, என்ன இது?”

“சிக்னல் பத்தலன்னா இப்படித்தாம்மா, சதுரஞ் சதுரமா உடையும். பயப்படாதீங்க. பூஸ்டர் போட்டா சரியாயிடும்.”

பூஸ்டர் போட்டான். சரியாயிற்று. ஏழு சேனலும் ஏழு சின்னச் சன்னல்களில் ஓடின. அந்த ஒரு நிமிஷம் இவாசே மிகவும் சந்தோஷமாக இருந்தான். பிறகுதான் அறையைச் சுற்றிப் பார்த்தான். சுவரில் ஆறு வருஷத்துக்கு முந்திய காலண்டர். கட்டில்மேல் மடித்து வைத்த ஆண்பிள்ளைச் சட்டைகள். மேஜையில் ஒரு கைக்கடிகாரம், நின்றுபோனது.

தொகிகோ பார்லித் தேநீர் கொண்டுவந்து வைத்தார். அவன் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்.

“கோசுகே. என் பையன். இருபத்தாறு வயசுல வீட்ட விட்டுப் போனான். போலீஸ்ல, வயசு வந்தவன், தானாத்தானே போயிருக்கான், நாங்க தேட முடியாதுன்னுட்டாங்க. இந்த ஜனவரில சாப்பிட்டுக்கிட்டே டிவி பாத்தேன். கடைத்தெருவுல நடந்துக்கிட்டே ஒரு பொண்ணு போண்டா மாதிரி எதோ தின்னுது. அதுக்குப் பின்னாடி ஒருத்தன் பீர் பெட்டி தூக்கிட்டுப் போனான். ரெண்டே விநாடி. இடது குதிகால இழுத்து இழுத்து நடந்தான். பதினோரு வயசுல சைக்கிள்ல விழுந்ததுலேர்ந்து கோசுகே அப்படித்தான் நடப்பான்.”

“சேனல்காரங்கள கேட்டீங்களா?”

“எந்த சேனல்னே தெரியல. எழுந்த வேகத்துல ரிமோட்ட கீழ போட்டுட்டேன். எடுத்துப் பாக்கறப்ப சேனல் மாறிடுச்சு. ஏழு எடத்துக்கும் எழுதினேன். தேதி, நிகழ்ச்சி பேரு இல்லாம முடியாதுன்னாங்க.”

கீழே சுமோவில் யாரோ விழுந்த ஆரவாரம் கேட்டது.

4.

என் மனைவி இதுவரை படித்துவிட்டு, “ரெண்டு விநாடியில ஒரு அம்மாவுக்கு அடையாளம் தெரிஞ்சிடுமா? நம்புற மாதிரி இல்லையே” என்றாள்.

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. [தொகிகோவின் பார்வை பற்றி நீளமாக ஒரு பத்தி எழுதினேன். தாய்மை, அது இது என்று போயிற்று. கிழித்துவிட்டேன்.] அதற்குப் பதில் அவர் செய்த வேலையைச் சொல்கிறேன்.

தினமும் பகலும் மாலையுமாகச் சேனலுக்கு மூன்று மணி நேரம், ஏழு சேனல். இருபத்தொரு மணி நேரப் படம். மூன்று மடங்கு வேகத்தில் ஓட்டினாலும் ஏழு மணி நேரம் பார்க்க வேண்டும். பதிவாகிச் சேரும் வட்டு பன்னிரண்டு நாளில் நிரம்பிவிடும். அதற்குள் பார்த்து அழித்தாக வேண்டும். ஸ்டூடியோவில் உட்கார்ந்து பேசினால் தாண்டிவிடுவார். தெரு, சந்தை, திருவிழா, விபத்து, தீ, இவற்றில் பின்னால் நிற்பவர்களை மட்டும் பார்ப்பார். காய்ச்சலில் மூன்று நாள் படுத்தபோது, வட்டு நிரம்பிவிடுமே என்று கடைக்குப் போன் செய்து அழுதார். இவாசே இன்னொரு வட்டு கொண்டுபோய் மாட்டினான்.

மார்ச்சில் நிலநடுக்கமும் கடலும் வந்தபோது ஏழு சேனலும் ஒன்றையே காட்டின. முகாம்களில் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு, உயிரோடிருக்கிறோம் என்று மக்கள் கேமராவைப் பார்த்துச் சொன்னார்கள். தொகிகோ ஒவ்வொரு அட்டையிலும் படத்தை நிறுத்திப் படித்தார். ஏழு சேனலிலும்.

இனி நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். என் மனைவி பக்கத்தைத் திருப்பினாள்.

5.

ஜூன் மாதம் தொகிகோ மறுபடியும் கடைக்கு வந்தார். மாடிப்படியிலேயே குரல் கேட்டது.

“இவாசே சான், உங்க கார்டு கெட்டுப்போச்சு. மாத்திக் குடுங்க.”

பென்டிரைவைக் கொடுத்தார். இவாசே கடைக் கம்ப்யூட்டரில் போட்டான். பக்கத்து மாகாணமான மியேயில் ஒரு மீன்பிடித் துறைமுகம். [பெயரை எழுதப் போவதில்லை.] அங்கே ஓர் உணவகம். நிருபர் பெண் அடுப்படிக்குள் எட்டிப் பார்க்கிறாள். பின்னால் ஒருவன் பெரிய பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடக்கிறான். இடது குதிகால் இழுபடுகிறது. ஒன்பது விநாடி.

“பாத்தீங்களா? மூஞ்சி வர்ற எடத்துல மட்டும் உடையுது. சதுரஞ் சதுரமா. நீங்கதான சொன்னீங்க, சிக்னல் பத்தலன்னா இப்படி ஆகும்னு? வேற நல்ல கார்டாப் போடுங்க. மறுஒளிபரப்பு வந்தா சரியாப் புடிக்கணும்.”

இவாசே பதிவின் பிழைக் கணக்கைத் திறந்தான். விடுபட்ட துண்டுகள்: பூஜ்யம். அவனுக்கு — எனக்கு — அப்போது முதலில் வந்தது கோபம். அவன் பொருத்திய கார்டைக் குறை சொல்கிறார்களே என்ற கோபம்.

“கார்டு மேல தப்பே இல்லம்மா. சிக்னல் கெட்டா படம் பூரா உடையும், சத்தமும் அறுந்து போவும். இங்க பாருங்க, அந்தப் பொண்ணு தெளிவா இருக்கா. அடுப்பு தெளிவா இருக்கு. சதுரம் இவரு மூஞ்சியோடயே சேந்து நடக்குது. இது டிவிக்காரங்க போட்டது. என் மூஞ்சியக் காட்டாதீங்கன்னு இவரே கேட்டிருப்பாரு.”

சொல்லி முடித்த பிறகுதான், யாரைப் பற்றி, யாரிடம் சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது.

தொகிகோ திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப யாரோ அவன்கிட்டப் பேசியிருக்காங்க” என்றார். “அவனும் பதில் சொல்லியிருக்கான்.”

“அம்மா—”

“இந்தச் சதுரத்த எடுக்க முடியுமா?”

“முடியாதும்மா. அடியில ஒண்ணும் இருக்காது.”

பென்டிரைவைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

6.

வேறு மாதிரியும் எழுதிப் பார்த்தேன். அதில் இவாசே திரையைப் பார்க்கிறான், பிழைக் கணக்கைப் பார்க்கிறான், மூடுகிறான்.

“ஆமாம்மா, கார்டு போயிடுச்சு. வேற தர்றேன்” என்கிறான்.

தொகிகோ புதுக் கார்டோடு வீட்டுக்குப் போகிறார். மறுஒளிபரப்புக்குக் காத்திருக்கிறார். அது வருவதில்லை. அவர் காத்திருக்கிறார், காத்திருக்கிறார், ஏழு மணி நேரம், தினமும், எழுபது வயதுவரை, எழுபத்தைந்து—

இதையும் முடிக்க முடியவில்லை. இந்த இவாசேயும் நல்லவனாகத் தெரியவில்லை.

7.

ஆகஸ்டில் ஒரு பிற்பகல், மியாச்சி தனியாகக் கடைக்கு வந்தார். காகிதப் பையைக் கண்ணாடி மேஜைமேல் கவிழ்த்தார். மூன்று கார்டுகள், குட்டிப் பெட்டி, பூஸ்டர், அனுமதி அட்டை.

“கழட்டத் தெரியல. இழுத்ததுல ஒண்ணு வளைஞ்சிடுச்சு.”

“என்னங்கய்யா ஆச்சு?”

“இனிமே தேவையில்ல.”

இவாசே வளைந்த கார்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். மியாச்சி போகவில்லை.

“கார்டுல தப்பில்லன்னு சொன்னது நீங்கதானா?”

“ஆமாங்க. நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக்—”

“சரியாத்தான் சொல்லியிருக்கீங்க.” அவர் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. “நான் கெஞ்சி வாங்கிக் குடுத்த வேலைய விட்டுட்டு வந்து நின்னான். வாசல்ல வெச்சே சொன்னேன். இனிமே உன் மூஞ்சிய நான் எங்கயும் பாக்கக் கூடாதுன்னு. எங்கயும்னு சொன்னேன். சின்ன வயசுலேர்ந்து நான் சொல்றத ஒண்ணுமே கேக்க மாட்டான். இத ஒண்ணத்தான் கேட்டிருக்கான்.”

[இது எழுத்தாளன் செய்த வேலை என்று நினைப்பீர்கள். கதைக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறதே என்று இரண்டு தடவை எடுத்தும் பார்த்தேன். அவர் சொன்னார். எடுக்க எனக்கு உரிமையில்லை.]

8.

முடிவுக்கு என்னிடம் இருப்பது அந்த இரண்டு சொல்தான்: ‘இனிமே தேவையில்ல.’ அதை எங்கே வைத்தாலும் பொருந்துகிறது.

தொகிகோ ரயிலேறித் துறைமுகத்துக்குப் போனார். உணவகத்தில் உட்கார்ந்து மீன் சோறு சாப்பிட்டார். அடுப்படியில் கோசுகேயின் முதுகைப் பார்த்தார். கூப்பிடாமல் திரும்பிவிட்டார். இனிமே தேவையில்ல.

அல்லது, போனபோது அங்கே வேறு யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒளிபரப்பான மறுநாளே அவன் அங்கிருந்தும் போய்விட்டான். இனிமே தேவையில்ல.

அல்லது, அவன் திரும்பிப் பார்த்தான். [இதைத் தொடர எனக்குத் தைரியமில்லை.]

அல்லது, அவர் போகவே இல்லை. மாடி அறையில், ஏழு சன்னல்களும் ஓடிக்கொண்டிருக்க, ஒருநாள் கணவர் மேலே போய்ப் பார்த்தபோது—

இதில் எது நடந்தது என்று அந்தப் பிற்பகலே இவாசேக்குத் தெரிந்திருக்கும். கண்ணை உயர்த்தியிருந்தால் போதும். மியாச்சி எங்கிருந்து வந்தார் என்பது அவர் உடுப்பிலேயே இருந்திருக்கும். இழவு வீட்டுக் கறுப்பு டை கட்டியிருந்தாரா, சாதாரண வெயில்காலச் சட்டையில் கழுத்துப் பொத்தானைத் திறந்துவிட்டிருந்தாரா? எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். அவர் குரல் நினைவிருக்கிறது. பையிலிருந்து கார்டுகள் விழுந்த சத்தம் நினைவிருக்கிறது. மூன்றாவது கார்டில் எத்தனையாவது தகடு வளைந்திருந்தது என்றுகூடச் சொல்வேன். கழுத்து மட்டும் வரவில்லை. அவர் பேசிய நேரம் முழுக்க நான் அந்தக் கார்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே மியாச்சியை உங்கள் முன்னால் நிறுத்திவிட்டுப் போகிறேன். மேஜைக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறார். பேசி முடித்துவிட்டார், இன்னும் கிளம்பவில்லை. நீங்களாவது நிமிர்ந்து பாருங்கள்.