பெட்ரோலா, கரண்டா?

ஆவூர்ச் சந்தனசாமியிடம் இருந்த காருக்கு வயசு என்ன என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பெரிய உத்தியோகம் பார்த்த ஒருவர், சமஸ்தானமே இல்லையென்று ஆனபிறகு ஊரைவிட்டுப் போகும்போது, அதை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். அப்போதே அது லட்சம் மைல் ஓடி முடித்திருந்தது. மைல் காட்டும் எண்கள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடியும் பூஜ்யத்தில் வந்து நின்றிருந்ததால், “புது வண்டி மாதிரிதான்” என்று சொல்லிக்கொள்வதில் சந்தனசாமிக்குக் கூச்சமே கிடையாது.

திருச்சியில் நல்ல பட்டறைகள் இருந்தன. ஆனால் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோவது என்பது அவருக்கு, தன் வேட்டியைக் கட்டிவிடச் சொல்லி அடுத்த வீட்டுக்காரனைக் கூப்பிடுவது மாதிரி. எல்லாம் அவரே பார்ப்பார். அதனால் அவர் மனைவி மரிய செல்வியின் அடுப்படியும் துணிக்கொடியும்தான் அந்தக் காருக்கு உதிரிபாகக் கடையாக இருந்தன. ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் டப்பா காணாமல் போகும். பெட்ரோல் டேங்கு கசிந்தால் துணி துவைக்கிற பார் சோப்பு. விசிறி பெல்ட் அறுந்தால், கொடியில் கிடக்கிற சேலையின் கரை. ஒரு தடவை அவளுடைய கல்யாணச் சேலையின் சரிகைக் கரையே பெல்ட்டாகி, விராலிமலை வரைக்கும் மினுமினுவென்று சுற்றிக்கொண்டு போய்வந்தது. அதற்காக அவள் இரண்டு நாள் பேசவில்லை. வண்டி நல்லபடியாக ஓடிய சந்தோஷத்தில் அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

அவர்களுக்கு ஒரே மகள், அருள்ராணி. அவளுக்கு மணமேல்குடியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் பள்ளிக்கூட வாத்தியார். போட்டோவைப் பார்த்த அருள்ராணி நல்லது கெட்டது எதுவும் சொல்லாமல் அதைத் தன் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். மரிய செல்விக்கு அது போதும். இந்த இடம் முடிந்துவிட வேண்டும் என்று மாதாவிடம் சொல்லிவைத்தாள்.

தவக்காலத்தில் நல்ல காரியம் பேசக்கூடாது என்று காத்திருந்து, ஈஸ்டர் முடிந்த வாரம் பையனின் அப்பாவும் அம்மாவும் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். கீரனூர் வரைக்கும் பஸ்ஸில் வருவார்கள். அங்கிருந்து காரில் அழைத்துவர வேண்டும்.

அன்று காலையில் இரண்டு பேரும் கீரனூர் போய்ச் சேர்ந்ததும், பஸ் வருவதற்குள் புழுதி போகட்டும் என்று மரிய செல்வி தானே வண்டியைத் துடைத்தாள். பின்பக்கத்தில் டேங்கு மூடியைத் துடைக்கும்போது, அதன் நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருப்பதைப் பார்த்தாள். ஓட்டையைக் கண்டால் அடை என்பதுதான் அந்த வீட்டுச் சட்டம். வண்டியிலேயே எப்போதும் கிடக்கிற பார் சோப்பில் ஒரு துண்டு கிள்ளி, உருட்டி, அழுத்தி அடைத்தாள். இந்த மனுசன் கண்ணுக்கு இது படலையே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பஸ்ஸைவிட்டு இறங்கிய பையனின் அப்பா செபமாலைக்கு ஐம்பது வயசிருக்கும். கட்டையான ஆள். கருவாட்டு வியாபாரம். கருவாடு ஏற்ற ஒரு பழைய வேனும் வைத்திருந்தார். அவர் மனைவி ஆரோக்கியம்மாள் உயரமாக, அதிகம் பேசாதவளாக இருந்தாள். அவள் காரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மரிய செல்வியைப் பார்த்து, “நல்லா இருக்கீங்களா மதினி?” என்றாள். அந்தக் கேள்வியில் ஏதோ பரிதாபம் இருந்தமாதிரி பட்டது.

செபமாலையோ வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். “யாரு பாக்குறது வண்டிய?”

“நாந்தான் சம்பந்தி. நட்டு, போல்ட்டு எல்லாம் நம்ம கைதான்.”

“அட! எங்க வேனும் அப்படித்தான். வெளியாளு கை பட்டதில்ல.”

ஒன்றும் முடிவாகுமுன்னே சம்பந்தி என்கிறாரே என்று மரிய செல்வி புருஷனின் முழங்கையை இடித்தாள். ஆனால் ஆண்கள் இரண்டு பேரும் ஏற்கெனவே முன்சீட்டில் ஏறிக் கல்யாணமே முடிந்துவிட்டதுபோலப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

செம்மண் ரோட்டில் மூன்று மைல் போயிருக்கும். வண்டி இரண்டு தடவை விக்கியது, மூன்றாம் தடவை நின்றுவிட்டது.

“பெட்ரோல் அடைப்பு” என்றார் சந்தனசாமி.

“இல்லீங்க, கரண்டு” என்றார் செபமாலை. “விக்குன விக்கல்லயே தெரியுது.”

சந்தனசாமி சிரித்துக்கொண்டே பானெட்டைத் திறந்தார். கார்பரேட்டரைக் கழற்றினார், பொடி ஓட்டையில் வாய்வைத்து ஊதினார், துப்பினார், மாட்டினார். வண்டியின் மூக்கில் ஹேண்டிலைப் போட்டு ஒரு சுற்று. வண்டி கிளம்பிவிட்டது!

“சொன்னேன்ல சம்பந்தி?”

செபமாலை முகத்தை ரோட்டோரத்து ஆவாரஞ்செடிகள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இன்னொரு மூன்று மைல். மறுபடி விக்கல், மறுபடி நின்றது. இந்தத் தடவை செபமாலை முந்திக்கொண்டு குதித்தார். தீப்பொறிக்குக் கரண்டு விடுகிற பாயிண்டைத் திறந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டு உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தார். பெண் பார்க்க வருகிற மனுசன் உப்புத்தாளோடு வந்திருக்கிறாரே என்று மரிய செல்வி ஆச்சரியப்பட்டாள். ஆரோக்கியம்மாள், “தூங்கும்போதும் பையில கெடக்கும்” என்று மெல்லச் சொன்னாள்.

ஹேண்டில் சுற்றிச் சுற்றிச் சந்தனசாமியின் தோள் விட்டுப்போனது. தள்ளித்தான் பார்க்க வேண்டும். சந்தனசாமி ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும். செபமாலையோ, தான் ஒரு வயரைக் கையாலேயே பிடித்துக்கொண்டு வண்டியோடு கூடவே ஓடியாக வேண்டும் என்றார். மிச்சம் இருந்தது யார்? இரண்டு பெண்களும் பட்டுச் சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளினார்கள். வண்டி கிளம்பிற்று.

“பாத்தீங்களா? கரண்டு!” என்று கத்தினார் செபமாலை, ஓடிக்கொண்டே.

“நான் முதல்ல ஊதுனதுதான் இப்பக் கேக்குது” என்றார் சந்தனசாமி.

மூன்றாவது தடவை வண்டி நின்ற இடம் தண்ணீர் வற்றிய ஒரு கண்மாய்க்கரை. ஒரு புளியமரம் தவிர நிழல் இல்லை. இப்போது இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பானெட்டைத் திறக்கப் போனார்கள். ஒருவர் கையை ஒருவர் தட்டிவிட்டார்கள். சம்பந்தி என்ற சொல் ஐயாவாகி, ஐயா யோவாகிவிட்டது.

“யோவ், முப்பது வருசமா வேன் ஓட்டுறவன் நான்!”

“கருவாட்டு வண்டிக்கு எது கரண்டு, எது பெட்ரோலுன்னு என்ன தெரியும்? வாடை மட்டும்தான் தெரியும்!”

சொன்ன மறுகணமே சந்தனசாமிக்குத் தான் சொன்னது உறைத்தது. வாயை மூடினார். ஆனால் செபமாலையின் மீசை துடிக்க ஆரம்பித்துவிட்டது.

“ஆரோக்கியம்! எந்திரி. இந்தச் சம்பந்தம் நமக்கு வேணாம். கீரனூருக்கு நடப்போம்.” சொல்லிவிட்டு அவர் வந்த வழியே விறுவிறுவென்று நடந்தார்.

மரிய செல்விக்கு மகளின் ஜெபப் புத்தகமும் அதற்குள் இருந்த போட்டோவும் கண்முன் வந்தன. ஆரோக்கியம்மாள் மட்டும் புளியமரத்தடியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

“மதினி, அண்ணன் போறாரே!”

“போகட்டும். செருப்பு வண்டிக்குள்ள கெடக்கு. இந்த மணல் சூட்டுல எம்புட்டுத் தூரம் போயிருவாரு?”

தூரத்தில் செபமாலை ஒற்றைக்காலில் நிற்பது தெரிந்தது. பிறகு மறுகாலில்.

அவருக்குக் கொஞ்சம் தண்ணீராவது கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று மரிய செல்வி தூக்குவாளியை எடுக்க வண்டியின் பின்பக்கம் போனாள். அங்கே மெல்லிசாக ஒரு சத்தம் கேட்டது. ஒருவர் பல்லிடுக்கில் மூச்சை இழுப்பதுபோல. குனிந்து பார்த்தாள். டேங்கு மூடியில் அவள் காலையில் வைத்த சோப்பு, உள்ளிருந்து யாரோ உறிஞ்சுகிறமாதிரி குழிந்துபோய் இருந்தது. ஓரத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு கீறல். அதன் வழியாகத்தான் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது.

ஒரு நொடி அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநொடி எல்லாம் புரிந்துவிட்டது. மண்ணெண்ணெய் டின்னில் ஒரு மூலையில் மட்டும் ஓட்டை போட்டால் எண்ணெய் ஒழுங்காக விழுமா? காற்றுப் போக எதிர் மூலையிலும் ஒன்று போட்டால்தானே விழும்! வண்டி மூன்று மைல் ஓடும், மூச்சுமுட்டி நிற்கும். இவர்கள் சண்டைபோடுகிற நேரத்தில் அந்தக் கீறல் வழியாகக் காற்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், மறுபடி ஓடும். ஊதினதும் இல்லை, உப்புத்தாளும் இல்லை.

அவளுக்கு அழுகை வந்தது. அதோடு சிரிப்பும் வந்தது. இப்போது போய், “நாந்தான்” என்று சொன்னால்? புருஷனுக்கும் தோல்வி, சம்பந்திக்கும் தோல்வி. அதுவும் ஒரு துண்டுச் சோப்பிடம். இரண்டு பேரும் இந்த ஜென்மத்தில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கமாட்டார்கள். அவள் கொண்டையிலிருந்து ஊசியை உருவி, சோப்பைக் குத்தித் தோண்டி எடுத்தாள். ‘புஸ்’ என்று டேங்கு நீளமாக மூச்சுவிட்டது.

நிமிர்ந்தால், பக்கத்தில் ஆரோக்கியம்மாள்.

மரிய செல்வியின் கையில் சோப்பு உருண்டை. மறைக்க இடமில்லை. ஆரோக்கியம்மாள் அதை எடுத்து மோந்து பார்த்தாள். கண்மாய்க்குள் தூர எறிந்தாள்.

“எங்க வேன்ல ஹாரன் அடிக்கிறதில்ல மதினி” என்றாள் அமைதியாக. “மூணு வாரமா எங்க கோளாறுன்னு தேடிக்கிட்டு இருக்காரு. வயரைப் புடுங்கிவிட்டது நாந்தான். ஞாயித்துக்கெழமை மத்தியானம் மனுசரைத் தூங்கவிடாம அடிச்சுப் பாத்துக்கிட்டே இருந்தாரு.”

ஆரோக்கியம்மாள் செருப்பை எடுத்துக்கொண்டு புருஷனை நோக்கி நடந்தாள். மரிய செல்வி, ஸ்டெப்பினி டயர்மேல் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த தன் புருஷனிடம் வந்தாள்.

“ஏங்க, ஒருவேளை கோளாறு ரெண்டுமா இருந்தா?”

“ரெண்டுமா?”

“பெட்ரோலும் கொஞ்சம், கரண்டும் கொஞ்சம். தனித்தனியாப் பாத்ததாலதான் நிக்குதோ என்னமோ. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பாத்தா?”

சந்தனசாமி தலையைத் தூக்கினார். அப்படி ஒரு கோளாறு அவர் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் அதில் தோற்றவன் என்று யாரும் இல்லையே! எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டு, செருப்பு மாட்டிக்கொண்டு திரும்பி வந்த செபமாலையின் முன்னால் போய் நின்றார். “நான் சொன்னது தப்பு. கருவாட்டுக் குழம்பு இல்லாம எனக்கு ஒரு வாரம் ஓடாது. வாங்க, சேந்து பாப்போம்” என்றார்.

செபமாலை மீசையைத் தடவினார். “பாயிண்டை நான்தான் பாப்பேன்.”

“பாருங்க. கார்பரேட்டரு எனக்கு.”

இரண்டு தலைகளும் பானெட்டுக்குள் போயின. ஒருவர் ஊதினார், ஒருவர் தேய்த்தார். நடுவில் தலையும் தலையும் மோதிக்கொண்ட சத்தம் புளியமரம் வரைக்கும் கேட்டது. ஹேண்டிலைச் சுற்றியதும் வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது. அதற்குப்பிறகு ஆவூர்க் கோவில் கோபுரம் தெரிகிறவரைக்கும் ஒரு விக்கல்கூட இல்லை. ஆண்கள் இரண்டு பேரும் நெற்றியில் புடைப்போடும், கைநிறையக் கரியோடும் ராஜா மாதிரி முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். பின்சீட்டில் இரண்டு பெண்களும் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தால் சிரிப்பு வந்துவிடும்.

வீட்டில் அருள்ராணி காபி கொண்டுவந்து வைத்தாள். பெண்ணிடம் ஏதாவது கேட்கவேண்டுமே என்பதற்காகச் செபமாலை தொண்டையைக் கனைத்தார். சமைக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்றெல்லாம் அவருக்குத் தோன்றவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு, “நீயே சொல்லும்மா. வண்டி கெளம்புனது பெட்ரோலாலயா, கரண்டாலயா?” என்று கேட்டார்.

அருள்ராணி அப்பாவைப் பார்த்தாள், வரப்போகிற மாமாவைப் பார்த்தாள். பிறகு இரண்டு பெண்களின் பட்டுச் சேலையில் ஒட்டியிருந்த செம்மண்ணைப் பார்த்தாள்.

“தள்ளுனவங்கள்ட்டதான் கேக்கணும் மாமா” என்றாள்.

ஆரோக்கியம்மாள் காபியைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். “இந்தப் புள்ளதான்” என்றாள். “வேற எடம் பாக்கவேணாம்.” தன் மனைவி அப்படிச் சிரித்துச் செபமாலை பார்த்து ரொம்ப நாளாகியிருக்க வேண்டும். அவரும் சரி என்று தலையாட்டிவிட்டார்.

காரியம் அதோடு நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும்போது சந்தனசாமி, “இருந்தாலும் எதுதான்னு தெரிஞ்சுக்கணும்ல சம்பந்தி?” என்றார். செபமாலைக்கும் அதே அரிப்புத்தான். மரிய செல்வி பாத்திரம் கழுவிவிட்டு வெளியே வந்து பார்த்தபோது, முற்றத்தில் ஒரு நெல் சாக்கை விரித்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியை இரண்டு பேரும் துண்டுதுண்டாகக் கழற்றிப் பரப்பிவைத்திருந்தார்கள். சாயங்காலம் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார்கள். மாட்டி முடித்தபிறகும் சாக்கின்மேல் ஒரு கைப்பிடி சாமான் மிச்சம் இருந்தது. வண்டி இப்போது விக்கக்கூட இல்லை.

சம்பந்திகள் அன்றைக்கு அங்கேயே தங்கினார்கள். மறுநாள் விடிந்ததும் பக்கத்துத் தோட்டத்து அழகுமலை மாட்டுவண்டியைப் பூட்டிக்கொண்டு வந்தார். கீரனூர்வரைக்கும் வழியனுப்ப மரிய செல்வியும் ஏறிக்கொண்டாள். பெண்கள் இரண்டு பேரும் வைக்கோல்மேல் சாய்ந்து உட்கார்ந்தார்கள். ஆண்கள் வண்டியில் ஏறவே இல்லை. மிச்சமான சாமான்களைத் துண்டில் முடிந்துகொண்டு, இது எங்கே மாட்டுவது, அது எங்கே மாட்டுவது என்று பேசிக்கொண்டே பின்னால் நடந்துவந்தார்கள்.

“அடுத்த மாசம் மாப்பிள்ளை வீடு பாக்க நீங்க வரணும் சம்பந்தி” என்று பின்னாலிருந்து செபமாலையின் குரல் கேட்டது. “பஸ்ஸெல்லாம் எதுக்கு? கார்லயே வந்துருங்க. வழியில ஏதாச்சும்னா நான் வேன எடுத்துக்கிட்டு எதுக்க வாரேன்.”

ஆரோக்கியம்மாள் மரிய செல்வியின் காதருகே சாய்ந்தாள்.

“அவங்க எப்படி வேணா வரட்டும். நீங்களும் புள்ளையும் பஸ்ஸுல வந்துருங்க மதினி” என்றாள்.